ஒரு பெட்டி ஐஸ்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அந்த அளவுக்குப் படிப்பும் இல்லை, அஞ்சாவதோடு சரி. பம்மலில் ஐஸ் விற்கிறேன். போன மாதம் கோவளம் மீன் வியாபாரி அமீருதீன் வந்து ஒரு பெட்டி ஐஸ் கேட்டார்.

"மீனுக்கா பாய்?"

"இல்லப்பா. என் பொஞ்சாதி கர்ப்பப்பைக்கு."

இதைவிட நல்ல தொடக்கம் உங்களிடம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

2

பாயின் மகள் ஷபீனாவுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை கிடையாது. தாய் அஜீசா தன்னுடையதைத் தருகிறாள். எடுத்ததைக் குளிரில் வைத்திருந்துதான் மகளுக்குப் பொருத்துவார்களாம். இரண்டு மணி நேரம்கூட ஆகலாமாம்.

"ஆஸ்பத்திரிக்காரனுங்க ஐஸ எவன் நம்புறது?" என்றார் பாய்.

நியாயம்தான். நானும் ஆட்டோவில் ஏறினேன்.

(ஆஸ்பத்திரி தாம்பரம் பக்கம். பேர் போடமாட்டேன், கேஸ் போடுவான்.)

3

நர்ஸ் சாராள் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா பாய், மீன் மார்க்கெட்டா இது?"

"சிரிக்காதம்மா. சதை மேல ஐஸ் நேரா பட்டா வெளுத்துப் பூடும், தெரியுமா?"

அவள் சிரிப்பு நின்றது. "படாது பாய். மருந்துத் தண்ணி ஊத்தின பையில வச்சு, அத இன்னொரு பையில போட்டு, அப்புறம்தான் ஐஸ். குளிரணும், உறையக் கூடாது."

[அமீருதீன் கண் கலங்க, அந்தத் தாயின்... என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த ஆள் அழமாட்டார். "உறைஞ்சா யாரு பொறுப்பு?" என்றுதான் கேட்டார்.]

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அஜீசா தலையைத் தூக்கினாள். "ஒம்போது மாசம் ஷபீனாவ அதுல வச்சிருந்தேனே, ஒரு நாளாச்சும் இன்னா ஏதுன்னு கேட்டீங்களா? இப்ப ரெண்டு மணி நேரத்துக்குப் பெட்டியத் தூக்கினு வந்துட்டீங்க!"

4

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் பேரப்பிள்ளை பிறக்கிறது, சினிமா. இன்னொன்றில் ஷபீனாவின் உடம்பு அதை ஏற்கவில்லை, முடிக்கக் கை வரவில்லை. மூன்றாவதில் டாக்டரே ஓடிவந்து எங்கள் ஐஸைக் கேட்கிறார். அது ஐஸ்காரன் ஆசை.

நான் பார்த்தது இவ்வளவுதான். எங்கள் ஐஸ் வராந்தாவில் பாதி தண்ணீராகியிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. சாராள் ஆஸ்பத்திரியின் நீலப் பெட்டியோடு, ஷபீனா இருந்த எதிர்க் கதவுக்கு நடந்தாள். அமீருதீன் கூடவே ஓடினார். கோவளத்தில் திறந்து பார்க்காமல் ஒரு கூடை வாங்காத மனுஷன். "தொறந்து காட்டும்மா" என்பார் என்று நினைத்தேன்.

"மூடி சரியா உக்காரல பாரு" என்று சொல்லி, உள்ளங்கையால் அமுக்கிவிட்டு நின்றுகொண்டார்.

அந்த மூடியை நான் திறக்கப்போவதில்லை. ஷபீனாவுக்குப் பிள்ளை உண்டா என்பது தெரிய வருஷமாகும். அதுவரை பெட்டி உங்கள் கையில். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், குளிர் போய்விடும்.