ஆறாவது இடத்தில் பூமதி

பூமதிக்கு ரத்தத்தில் வேலை கிடைத்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பத்தொன்பது வருடம் கழித்து உத்தரவு வந்தது. ஹீமோகுளோபின் என்னும் புரதம், பீட்டா சங்கிலி, ஆறாவது இடம். பணியிடம்: தேன்மொழி, மினி பஸ் கண்டக்டர், கூடலூர்.

அதுவரை பூமதி கோபியில் ஓர் எண்ணெய்க் கடையில் நின்றுகொண்டிருந்தாள். வயது நாற்பத்தொன்று. தண்ணீருக்கும் அவளுக்கும் ஆகாது. மழையில் நடந்தால் துளிகள் மேலே ஒட்டாமல் உருண்டு போய்விடும். இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். கடைக்காரர் உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"ரத்தமா?"

"ரத்தமுங்க."

"அப்ப நிரந்தரந்தான். போயிட்டு வா புள்ள."

சேர்க்கும் அறை டிக்கெட் ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. குமாஸ்தா ஒரு நீள நாடாவை இழுத்து, மூன்று மூன்று எழுத்தாகப் படித்து ஆட்களைக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் உள்ளே போய் முந்தைய ஆளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நடைமுறை.

"பூ. ம. தி." குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "இந்த இடத்துக்கு வழக்கமா பூபதின்னு ஒருத்தர் வருவார். பரிசல் ஓட்டுறவர்."

"நான் பூமதிங்க."

"நடு எழுத்து மாறியிருக்கு."

"தப்புங்களா?"

"எழுதியிருக்கிறது எப்படித் தப்பாகும்? எழுதின ஆள் வரலைன்னாத்தான் தப்பு. கையைக் கொடுங்க."

பூமதி அப்போதே சொல்லியிருக்கலாம், எனக்குத் தண்ணீர் ஆகாது என்று. பத்தொன்பது வருடம் அவள் வாயை அடைத்தது. கையைக் கொடுத்தாள்.

ஐந்தாவது ஆள் சிங்காரவேலு, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருக்குக் கழுத்து திரும்பாது, முதுகு வளையாது. ஏழாவது ஆள் ஜெபமணி, மீன் மார்க்கெட்டில் இருந்தவள். ஈரம் என்றால் அவளுக்கு வீடு மாதிரி. பிடித்த கையை விடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விட்டுப் பார்த்தார்கள், வரவில்லை.

நூற்று நாற்பத்தாறாவது ஆள் சேர்ந்ததும் சங்கிலி தானாக மடங்கத் தொடங்கியது. கல்யாணப் பந்தலில் மழை பிடித்தால் நடப்பதுதான் நடந்தது. நனைய விரும்பாதவர்கள் உள்ளே ஓடினார்கள். நனைந்தால் பரவாயில்லை என்பவர்கள் வெளியே நின்றார்கள். பூமதியும் உள்ளே ஓடப் பார்த்தாள். அவள் இடம் ஓடவில்லை. ஆறாவது இடம் வெளியே, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது.

நான்கு சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு குழு. சங்கிலிக்கு ஓர் இரும்புக் கிண்ணம். நுரையீரலில் கிண்ணத்துக்கு ஒரு மூச்சு ஊற்றுவார்கள். அதைச் சுமந்துபோய், தேவைப்படுகிற இடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு வண்டிக்கு, அதாவது ஒரு சிவப்பணுவுக்கு, இருபத்தேழு கோடிக் குழுக்கள். வண்டி இரண்டு பக்கமும் அமுக்கிய வடை மாதிரி இருந்தது. நெரிசல்தான். யாரும் குறை சொல்லவில்லை.

கிண்ணம் நிறைந்திருக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று கிண்ணம் காலியானால் குழுவின் உட்காரும் விதம் சற்று மாறும். அப்போது பக்கத்துக் குழுவின் விலாவில் ஒரு மூலை திறக்கும். காய்ந்த மூலை. கன்னம் வைக்கிற அளவு. முதல்முறை பார்த்தபோது பூமதி யோசிக்கவேயில்லை. கன்னத்தை வைத்துவிட்டாள். பத்தொன்பது வருடக் களைப்பும் அந்த மூலையில் இறங்கியது போலிருந்தது.

பக்கத்துக் குழுவின் ஆறாவது ஆளும் பூமதிதான். வேறொரு பூமதி, செருப்புக் கடையில் இருந்தவள். அவள் அதற்கடுத்த குழுவின் மேல் சாய்ந்திருந்தாள். அங்கேயும் ஒரு பூமதி. நுரையீரல் வந்ததும் எல்லாப் பூமதிகளும் கன்னத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்துகொள்வார்கள்.

அன்று மதியம் பஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது. தேன்மொழி காலையிலிருந்து நின்றபடியே டிக்கெட் கொடுத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் வழியில் ஒதுங்க இடம் கிடையாது. கிண்ணங்கள் சீக்கிரம் காலியாயின. காய்ந்த மூலைகள் எல்லா இடத்திலும் திறந்தன. பூமதிகள் எல்லோரும் சாய்ந்தார்கள். குழுக்கள் கயிறாயின. கயிறுகள் கம்பியாயின. வண்டி அரிவாள் போல வளைந்து, இடது முழங்கால் சந்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த வண்டிகள் வரிசையாக நின்றன.

மேலே தேன்மொழியின் குரல் கேட்டது. "சகாயம் அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னம்மா? யாராவது ஏறணுமா?" டிரைவர் கேட்டார்.

"இல்லண்ணே. முட்டி. உள்ள யாரோ பிடிச்சு முறுக்குறாங்க."

பூமதிக்குக் கன்னம் சுட்டது.

"யார் சாஞ்சிருக்கிறது?" சிங்காரவேலு நேரே பார்த்தபடி கேட்டார்.

"நான்தாங்க ஐயா."

"ஏன்?"

"காய்ஞ்ச இடமா இருந்துச்சு."

"முப்பது வருஷம் வரிசை நிறுத்தினவன் நான். ஒருத்தர் சாஞ்சா எத்தனை பேர் சாய்வாங்க தெரியுமா?"

"விடுங்க சார்," என்றாள் ஜெபமணி. "அந்த இடத்துல அவளைப் போட்டா அவ என்ன பண்ணுவா?"

வெள்ளைச் சீருடையில் ஒரு காவலாளி சுவரை ஒட்டி நகர்ந்து வந்தார். கையில் டார்ச் லைட்.

"மாட்டிக்கிட்டதுக்கான படிவம் யார்கிட்ட இருக்கு?"

"அது எங்க கிடைக்கும்?" என்று பூமதி கேட்டாள்.

"இடுப்பெலும்பு அலுவலகத்துல. நேர்ல வரணும்."

"மாட்டிக்கிட்டவங்க எப்படிங்க வர்றது?"

"அதான் யாரும் வாங்குறதில்லை."

அவர் நகரும் முன் பூமதி கேட்டாள். "நாடாவுல ஒரு எழுத்தை மாத்த முடியுங்களா?"

"மூலப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. தேன்மொழியோட அம்மா ஒரு பிரதி கொடுத்தாங்க. அப்பா ஒரு பிரதி கொடுத்தாரு. ரெண்டுலயும் நீங்கதான்."

"அவங்க தப்பா எழுதிட்டாங்களா?"

"அவங்க எங்க எழுதினாங்க. அவங்களுக்கு வந்ததைப் பார்த்து அப்படியே கொடுத்தாங்க. பிள்ளைக்குக் கொடுக்கிறதாச்சேன்னு ஒரு எழுத்து விடாம." டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார்.

மேலே பஸ் நின்றுவிட்டது. தேன்மொழியை யாரோ சீட்டில் உட்கார வைத்தார்கள். காலை நீட்டியபோது அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் முழங்கால் வரை கேட்டது.

"தண்ணி குடி," என்றார் சகாயம்.

"வேணாம்ணே. அப்புறம் இறங்க இடமில்ல."

"எஸ்டேட் லைன்ல எங்க அக்கா வீடு இருக்கு. அங்க நிறுத்துறேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். ஆறு வருஷமா இந்த ரூட்ல வர்ற. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

தேன்மொழி குடித்தாள். நிறையக் குடித்தாள்.

சிறிது நேரத்தில் சந்துக்குள் தண்ணீர் வந்தது. முதலில் பூமதிகளின் கணுக்கால் அளவு, பிறகு இடுப்பளவு. பூமதிகள் இன்னும் இறுக்கமாக மூலைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். கம்பி இறுகியது. மேலே மறுபடியும் பல் கடிபட்டது.

பூமதி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூலை அவளுக்கு நன்றாக இருந்தது. வாழ்நாளில் அவளுக்கு அப்படிச் சாய ஓர் இடம் அமைந்ததில்லை.

"பூமதி," என்று கூப்பிட்டாள்.

"என்ன?" என்றாள் அடுத்த பூமதி.

"எடுத்துடலாமா?"

"நனைஞ்சுடுவோமே."

"நனைவோம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. அடுத்த மூச்சு கிடைக்கிற வரைக்கும்."

பூமதி கன்னத்தை எடுத்தாள். தண்ணீர் முகத்தில் வந்து மோதியது. உருண்டு போனது. மறுபடியும் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் ஜெபமணியின் கையே ஆடியது.

"மூக்கால மூச்சு விடு," என்றாள் ஜெபமணி. "தண்ணி ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நேரம் முறைக்கும், அவ்வளவுதான்."

பக்கத்தில் ஒரு கன்னம் எழும் சத்தம் கேட்டது. அதற்கப்பால் இன்னொன்று. சத்தம் கயிறு நெடுகப் போய்க்கொண்டே இருந்தது, வெகுநேரம். வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. பழைய வட்டம் வரவில்லை. சந்தைக் கடக்கிற அளவுக்கு வந்தது.

மேலே விசில் ஊதும் சத்தம் கேட்டது.

இடது காலின் பெருவிரலில் ஒரு சின்னக் கதவு இருந்தது. மிச்சமிருந்த ஒரு கிண்ணத்து மூச்சை அங்கே கொடுக்க வேண்டும். கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. இளைத்துப்போன குரல். "இங்க ஒருத்தரும் மூச்சு விடல."

"வழியில மாட்டிக்கிட்டோம்."

"யாரால?"

பூமதி வாயைத் திறந்தாள். அதற்குள் சிங்காரவேலு பேசினார்.

"பாதை குறுகல்."

"தினமும் அதே பாதைதானே?"

"இன்னைக்குக் குறுகல்."

நூற்று நாற்பத்தாறு பேரில் ஒருவரும் வேறு பேச்சுப் பேசவில்லை. ஒரு கை வந்து மூச்சை வாங்கிக்கொண்டது. கதவு மூடியது.

பூமதி அவருடைய பின்னங்கழுத்தைப் பார்த்தாள். அது திரும்பவில்லை. திரும்பாது. அவர் கை மட்டும் அவள் கையைக் கொஞ்சம் மாற்றி, வசதியாகப் பிடித்துக்கொண்டது.

குழு மேலே ஏறத் தொடங்கியது. வழியெல்லாம் தண்ணீர்.