சவுக்கு வீரனுக்குக் கொட்டுன கரைக்கொட்டு

மொதப் படத்துல மலை உச்சியில இருந்து குப்புற விழுந்து செத்தவன், ரெண்டாம் படத்துல எப்புடிக் குதிரையில வாரான்னு கேட்டேன். "விழுந்தான், சாகல. அதான் கதை"ங்குறாரு எம் புருசன் செல்லச்சாமி. கேக்குறவ கேனச்சியா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாக. படத்துக்குப் பேரு 'சவுக்கு வீரன் திரும்பினான்'. அவன் திரும்பலைன்னு இங்கன யாரு அழுதா?

அம்பத்தாறுல அந்தப் படத்துக்குச் சண்டை எடுக்க எங்க வாலிநோக்கம் கடக்கரைக்கு வந்தாக. வீரனுக்கு வெயிலு ஆகாதாம், குடைக்கு அடியிலயே உக்காந்திருந்தான். அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் மணல்ல விழுந்து எந்திரிச்சான். கூட ஒரு மியூசிக் டைரக்டரு, ஜெகதீசராஜன்னு பேரு. கண்ணுல கறுப்புக் கண்ணாடி, எங்க கருவாட்டு வாடைக்கு மூக்குல கைக்குட்டை. எங்க மீனைத் திங்கிறப்ப மட்டும் கைக்குட்டை மடிக்கு எறங்கிரும்.

மெட்ராசுல அவன்கிட்ட நாப்பது பிடிலு இருக்காம், எக்காளம் இருக்காம், என்னென்னமோ இருக்காம். இருந்தும் வீரன் வார எடத்துக்குத் தோதான சத்தம் அம்புடலையாம். இங்கன யாராச்சும் கொட்டுவாகளான்னு கேட்டிருக்கான். எங்க காளியம்மன் கோயில் டமாரம் எம் புருசன் பொறுப்புல இருந்துச்சு. சும்மா ஆடுற பேய்க்குச் சலங்கை கட்டிவிட்டாப்புல ஆயிப்போச்சு. சாமி எறங்குற கொட்டு, ஊர்வலக் கொட்டுன்னு ஒண்ணொண்ணாக் கொட்டிக் காட்டியிருக்காரு. அவன் கொட்டாவி விட்டிருக்கான். அதுல ரோசம் வந்து, இந்த மனுசன் கரைக்கொட்டைக் கொட்டிப்புட்டாரு.

கரைக்கொட்டுன்னா சேந்தாப்புல மூணு அடி, ஒரு நிறுத்து, பெறகு ஒத்தை அடி. வள்ளம் கரை ஏற முடியாம அலையில மாட்டிக்கிட்டா மட்டுந்தான் அதைக் கொட்டணும். கேட்டா, சோத்துல கை வச்சவ அப்புடியே எந்திரிச்சு ஓடணும். பள்ளிவாசல்ல தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செஞ்சுக்கிட்டு இருக்குறவரும் ஓடி வருவாரு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் ஓடி வருவான். முப்பது நாப்பது பேரு வடத்தைப் பிடிச்சு இழுத்தாத்தான் வள்ளம் பாறையில மோதாம கரைக்கு வரும். எங்க அண்ணன் மருதுபாண்டி ரெண்டு தடவை அப்புடித்தான் உசுரோட வந்துச்சு.

அன்னைக்கு நான் ஈரத் தலையோட ஓடுனேன். ஊரே வந்து நிக்குது. கடலு ஒண்ணும் தெரியாத மாதிரி அசையாமக் கெடக்கு. அந்த ஜெகதீசராஜன் தொடையில தட்டிச் சிரிக்கிறான். "இதுதாய்யா வேணும். ஒரு ஊரையே ஓட வைக்குது பாரு"ங்குறான். பிள்ளையத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க நிக்கிற பொம்பளைகளைப் பாத்துச் சிரிக்க வந்த மூஞ்சியப் பாரு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அது சாமிக்குக் கொட்டுறதும் இல்ல, கூத்துக்குக் கொட்டுறதும் இல்ல. உசுருக்குக் கொட்டுறது. அதக் கொண்டுபோயி அவன்கிட்டக் குடுத்துராதீக."

"குடுத்தா கொறஞ்சா போயிரும்? படத்துல எம்பேரு போடுவாக புள்ள"ன்னாரு.

மெட்ராசு போயி நாலு நாள் இருந்துட்டு வந்தாரு. நாப்பது பிடிலும் வாயப் பொத்திக்கிட்டு நிக்க, இவரு ஒத்தை ஆளாக் கொட்டுனாராம். அதைப் பத்து மாசம் சொன்னாரு. படம் டூரிங் டாக்கீசுக்கு வந்தப்ப மொத வரிசையில உக்காந்து பாத்தோம். 'மேளம்: குழுவினர்'னு போட்டான். குழுவினரு மூஞ்சியப் பாக்கணுமே.

வீரன் குதிரையில வந்தான். பின்னால நாப்பது பிடிலும் இழுக்குது, நடுவுல கரைக்கொட்டு விழுகுது. அவ்வளவுதான், கொட்டகையில பாதிச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு ஓடிருச்சு. டாக்கீசுக்காரனுக்கு அதுல ஒரு மூளை வேலை செஞ்சுச்சு. மறுநாள்லருந்து எம் புருசனையும் டமாரத்தையும் நோட்டீசு வண்டியில ஏத்திவிட்டான். தெனம் சாயங்காலம் நாலு மணிக்குத் தெருத் தெருவாக் கரைக்கொட்டு. கோயில்ல இருக்க வேண்டிய டமாரம் மாட்டு வண்டியில போகுது, ஊர்ல ஒரு ஆம்பளைக்கும் கேக்கத் துப்பில்ல. ஓசிப் பாசு குடுத்திருந்தான்ல.

மொத நாள் ஊர்ல பாதி கரைக்குப் போச்சு. மறுநாள் பத்துப் பேரு போனாக. நாலாம் நாள் பக்கத்து வீட்டுச் சபியா மட்டும் போயிட்டு வந்து எங்கிட்ட ஏசுனா. "இனிமே ஒம் புருசன் கொட்டுனா நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன் புள்ள, அல்லா மேல ஆணை"ன்னா. ஒரு வாரத்துல பிள்ளைக அந்தக் கொட்டுக்கு ஆட ஆரம்பிச்சிருச்சுக. நான் தெனம் கத்துனேன். "ஊரே எங் கையப் பாக்குது, ஒனக்கு வயித்தெரிச்சல்"னு இந்த மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போவாரு.

மூணாவது வாரம் ஒரு புதன்கெழமை மேக்க இருந்து கச்சான் காத்து ஏறுச்சு. வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே எங்க அண்ணன் வள்ளம் பாய்மரம் முறிஞ்சு பாறைப் பக்கம் இழுபடுறதை எம் புருசன் பாத்துட்டாரு. டமாரத்தைக் கரைக்குத் தூக்கிட்டுப் போயிக் கொட்டியிருக்காரு. வள்ளத்துல இருந்த ஒரு பய வடத்தோட குதிச்சு நீந்திக் கரைக்கே வந்துட்டான். பிடிக்கத்தான் ஆளில்ல. கரையில வலை பின்னிக்கிட்டு இருந்த ஆறு பேரு இழுத்தாக. ஆறு பேரு எங்குட்டு இழுக்க? வள்ளம் பாறையில அடிச்சுச் சிதறிப்போச்சு. மூணு பேரு தப்பிச்சாக. எங்க அண்ணன் தப்பிக்கல.

பொழுது சாயுறப்ப அண்ணனைத் தூக்கிட்டு வந்து எங்க வாசல்ல போட்டாக. தெருச் சனம் பூராத்தையும் கிழிச்சுத் தொங்கவிட்டேன். "ஒங்க காதுல என்ன ஈயத்தையா காச்சி ஊத்துனாக"ன்னு கேட்டேன். சபியா மாவு அப்புன கையோட அழுதுக்கிட்டே சொல்றா, "கேட்டுச்சு புள்ள. வண்டின்னு நெனச்சு இடிச்சுக்கிட்டே இருந்துட்டேன்." அவ மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல.

எம் புருசன் கடைசியா வந்தாரு. உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு ரத்தம் வழியுது. ஊர்க்காரக யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. எம் முன்னால வந்து உக்காந்தாரு.

"கை விட்டுப்போற மட்டும் கொட்டுனேன் புள்ள. நீயாவது வருவன்னு நம்ம வீட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கொட்டுனேன். ஒங் காதுல விழலையா?"

விழுந்துச்சு. மீனுக்குச் செதிலு சீவிக்கிட்டு இருந்தேன். "ஆரம்பிச்சுட்டாரு கூத்தாடி"ன்னு காறித் துப்பிட்டு அடுத்த மீனை எடுத்தேன்.