வானம் பார்த்த கதவு

கார் பட்டறைக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அதன் கதவு மேலே போய் நின்றது. முதலில் ஒரு சாண் வெளியே வந்தது. பிறகு என்னவோ யோசித்தது போல ஒரு கணம் தயங்கி, முன்பக்கக் கீலில் சுழன்று, வானத்தைப் பார்த்து எழுந்துவிட்டது. பட்டறையில் இருந்த ஆறு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். டிங்கர் மட்டும் தட்டவில்லை. தனக்கு விழும் கைதட்டலில் தானும் சேர்ந்துகொள்ளக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். விரல்களைத் துணியில் துடைத்தபடி, இதெல்லாம் ஒரு வேலையா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கதவு எழுந்ததில் மற்ற எல்லாரையும்விட ஆச்சரியம் அவருக்குத்தான். ஏனென்றால் வாழ்நாளில் இப்படி ஒரு கதவை அவர் மாட்டியதே இல்லை.

மாட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அந்த இரண்டு கதவு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வந்த அன்று முதலாளி எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, மேலே தூக்கித் திறக்கிற கதவை யாராவது மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். பெயின்டர் தொண்டையைச் செருமுவதற்குள் டிங்கர் முந்திக்கொண்டு, பழைய இடத்தில் நாலு வண்டிக்கு மாட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டார். பழைய இடத்தில் அவர் மாட்டியதெல்லாம் பால் வண்டிக் கதவும் பள்ளிக்கூட வேன் கதவும்தான். அவை மேலே போனதில்லை. சில சமயம் கழன்று கீழே போயிருக்கின்றன. நாலு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே புரியவில்லை. ஒன்று என்றால் மதிக்கமாட்டார்கள், பத்து என்றால் நம்பமாட்டார்கள். நாலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

பொய்க்குக் காரணம் வலது தோள். இருபத்திரண்டு வருடமாக நசுங்கிய கதவுகளைக் கழற்றி, தட்டி, நிமிர்த்தி, தூக்கி மாட்டிய தோள். இப்போது கையைக் காதுக்கு மேலே உயர்த்தினால் உள்ளே யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல வலித்தது. வேலையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோளை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பட்டறையில் ஃபோர்மேன் இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, தலைக்கு மேலே தனி மின்விசிறி. ஃபோர்மேன் எதையும் தூக்குவதில்லை. அவர் விரலை நீட்டுவார், மற்றவர்கள் தூக்குவார்கள். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான் பொருத்தம்: டிங்கர், இல்லையென்றால் அவரைவிடப் பத்து வயது இளைய பெயின்டர். இந்த வண்டி நல்லபடியாக வெளியே போனால் நாற்காலி டிங்கருக்குத்தான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்லியிருந்தார்.

முதலாளியும் அப்போது ஒரு உயர்வில்தான் இருந்தார். போன வருடம்தான் வாசல் பலகையில் ‘பட்டறை’யை அழித்துவிட்டு ‘ஸ்டுடியோ’ என்று எழுதவைத்திருந்தார். மற்றபடி கழிவறைத் தாழ்ப்பாள் முதற்கொண்டு எல்லாம் பழையபடியே இருந்தன. வாடிக்கையாளர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி போய் வெள்ளை சோபா வந்தது. வந்த வாரத்திலேயே அதில் நாலைந்து பேருடைய பின்புறங்கள் கிரீஸில் பதிவாகிவிட்டன.

வண்டிக்காரர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். ‘சிகரம்’ என்பது அவர் பட்டம். கொடுத்தவரும் அவரே, வாங்கிக்கொண்டவரும் அவரே. ஐந்தடி மூன்று அங்குலம் இருப்பார். ஊர் ஊராகப் போய், ஆயிரம் பேரை உட்காரவைத்து, எழுந்து நில்லுங்கள் என்று இரண்டு மணி நேரம் பேசுவார். அவருக்கு இந்தக் கதவு ஒரு தத்துவம். கதவு பக்கவாட்டில் திறந்தால் வாழ்க்கையும் பக்கவாட்டில்தான் போகும் என்று முதல் நாளே பட்டறை ஆட்களுக்கு ஒரு சின்ன உரை ஆற்றினார். சொற்பொழிவை இலவசமாகக் கேட்ட குற்ற உணர்ச்சியில் எல்லாரும் தலையாட்டினார்கள். டிங்கர் முன்பக்கத் தகட்டைக் கழற்றியபோது கீல் பிடிக்கும் தூணில் நசுங்கலை மறைக்க இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி மாவு பூசியிருந்தது. வண்டி ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கம்பத்தை ஆரத்தழுவியிருக்கிறது. மூன்றாம் கை வண்டியைப் புதிது மாதிரி தலையில் கட்டியிருக்கிறார்கள். சிகரத்துக்கு அது தெரியுமா, தெரிந்தும் தெரியாதது மாதிரி இருக்கிறாரா என்று டிங்கர் ஆராயவில்லை. பட்டியைச் சுரண்டி, தகடு வைத்துப் பற்றவைத்து, பேசாமல் மூடினார். நாலு வண்டிக்கு மாட்டியவர் இந்த ஒரு வண்டியைக் குறை சொல்வது நன்றாக இருக்காது.

தப்பு அதில் நடக்கவில்லை. அது வேறு இடத்தில் நடந்தது. கதவு மாட்டுவதில் டிங்கருக்கு ஒரு முறை உண்டு. கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் மோட்டார், உள்பக்க அட்டை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டைத்தான் மாட்டுவார். இடைவெளி சரிபார்த்து, திறந்து மூடி, சத்தம் கேட்டு, திருப்தியான பிறகே ஒவ்வொன்றாக உள்ளே நிரப்புவார். தோளுக்கும் அதுதான் நல்லது. சாதாரணக் கதவுக்கு இது பழுதில்லாத முறை. கீல் தாங்கிக்கொள்ளும், கனம் எவ்வளவு என்று கதவு கவலைப்படாது. இந்தக் கதவைக் கீல் தாங்குவதில்லை. டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிப்பது போல, கேஸ் அடைத்த ஒரு தண்டுதான் தாங்குகிறது. எந்தக் கனத்துக்கு எந்தத் தண்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது. கீலும் தண்டும் வந்த பெட்டியில் இருந்த தாளில் அது தெளிவாகவே அச்சடித்திருந்தது. ஆனால் நாலு வண்டிக்கு மாட்டியவர் நடுப் பட்டறையில் நின்று தாளை விரித்துப் படிக்க முடியுமா? மடித்துக் கருவிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். பெயின்டர் எட்டிப் பார்த்தபோது, "இதெல்லாம் புதுசா மாட்டுறவங்களுக்கு, தம்பி" என்றும் சொல்லிவைத்தார்.

கைதட்டலுக்கு அப்புறம் அன்று சாயங்காலம் இரண்டு கதவுக்கும் வயிறு நிரப்பினார். கண்ணாடி உள்ளே போயிற்று, மோட்டார் போயிற்று, அட்டை போயிற்று. ஸ்பீக்கர் மட்டும் பழையதில்லை. பக்கத்துக்கு இரண்டு, தட்டு அகலத்தில், காந்தமே தனியாகத் தூக்கும் கனம். வண்டி ஓட்டும்போது சிகரம் தன் பேச்சையே போட்டுக் கேட்பாராம். குரலில் கம்பீரம் போதவில்லை என்று புதிதாக வாங்கித் தந்திருந்தார்.

மறுநாள் காலை சிகரம் வண்டி எடுக்க வந்தார். முதலாளி புதுச் சட்டையில் நின்றார். டிங்கர் ஒற்றை விரலால் கதவைத் தொட்டார். அது ஒரு சாண் வெளியே வந்து, எழுந்து, நின்றது. சிகரம் கண்ணை மூடி ஒரு மூச்சை இழுத்துவிட்டு, குனிந்து, இருக்கையில் ஒரு பாதியை வைத்தார். ஐந்து எண்ணும் நேரம் ஆகியிருக்கும். கூட்டத்தில் கேள்வி கேட்க எழுந்தவர் என்ன கேட்பது என்பது மறந்து போய் மெல்ல உட்காருவது போலக் கதவு இறங்க ஆரம்பித்தது. டிங்கருடைய மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் அவருடைய வலது தோள் அதற்கு அடியில் போய்விட்டது. வலி கண்ணில் பளிச்சென்று அடித்தது. அடுத்து வாய் வேலையை ஆரம்பித்தது.

"சாஃப்ட் க்ளோஸ், சார். மெதுவா தானா மூடிக்கும். பெரிய வண்டிங்களுக்கு மட்டும்தான் வரும். இறங்கி ஏறும்போது பக்கத்துல ஆள் ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

சிகரம் திரும்பிப் பார்த்தார். கோபம்தான் வரும் என்று டிங்கர் எதிர்பார்த்தார். அந்த முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. இத்தனை நாள் அவரிடம் வண்டி இருந்தது, கதவு இருந்தது. கதவுக்கென்று ஒரு ஆள் இருக்கலாம் என்பது அவருக்கே தோன்றாத உயரம்.

"கதவுக்குன்னே ஒரு ஆளா?"

"ஆமாம் சார், அப்படித்தான்" என்றார் முதலாளி. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் முகம் மலரும்போது ஆமாம் என்று சொல்லாமல் விட்டதாக அவர் வரலாற்றிலேயே இல்லை.

சிகரத்தை சோபாவுக்கு அழைத்துப்போன பிறகு பெயின்டர் வந்தார். கதவைக் கையால் ஏந்தி, கனம் பார்த்து, டிங்கரின் காதோரமாகக் கேட்டார்: "அண்ணே, அந்த நாலு வண்டிக்கும் ஆள் வச்சுத்தான் பிடிச்சீங்களா?"

அன்றைக்கே டிங்கர் கண்ணாடி அறைக்குள் போய் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னார். பாதியை. நாலு வண்டி கதையை விட்டுவிட்டு, கதவை எழுப்பிவிடும் தண்டுக்கு அதைப் பிடித்து நிறுத்தப் பலம் போதாது, கனமான தண்டு வரவழைக்க இரண்டு வாரம் ஆகும், மாட்டிவிட்டால் தானாக நிற்கும் என்றார். முதலாளி அந்த நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்றார். நாளை மறுநாள் பெரிய நிகழ்ச்சி. ஆயிரம் பேர் வருகிறார்கள், ஸ்டுடியோவின் பெயரைத் திரையில் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வண்டிகளில் மட்டுமே வரும் ஒரு வசதியைத் தன் ஸ்டுடியோ செய்து கொடுத்ததாக அவரே அதற்குள் நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "இப்ப உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? நீங்களே கூடப் போய்ப் பிடிச்சுக்கங்க. ஒரு நாள்தானே." நாற்காலி விஷயம் என்ன என்று டிங்கர் கேட்டார். போய்விட்டு வாருங்கள், அதற்குள் அதற்கென்ன கால் முளைத்து ஓடிவிடுமா என்றார் முதலாளி. சக்கரம் வைத்த நாற்காலி அது.

சிகரம் ஒரு கறுப்புக் கோட்டு அனுப்பியிருந்தார். டிங்கரின் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள்; அக்கம்பக்கத்து ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் அவள் கையில்தான் அளவுக்கு வரும். கோட்டைப் போட்டுக் காட்டச் சொன்னாள். கையைக் கீழே விட்டிருந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மேலே தூக்கியதும் அக்குளில் தையல் முறுக்கியது.

"எவ்வளவு உயரம் தூக்கணும்?"

அவர் காட்டினார். முகம் சுளித்ததை மறைக்க சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி அக்குளுக்கு ஒட்டுத்துணி வைத்து அளவெடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் தூக்கிய கைக்கு அடியிலேயே நின்றாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"தூக்கக் கூடாதுன்னுதான ஃபோர்மேன் ஆகப் போனீங்க. இப்போ தூக்குறதே வேலையா?"

"ஒரு நாள்தான்."

"ஒரு நாளைக்கு எதுக்கு ரெட்டைத் தையல் போடச் சொல்லி அனுப்பியிருக்காங்க?"

கோட்டுப் பையில் இருந்த சீட்டை அவள் படித்திருக்கிறாள். அவர் படிக்கவில்லை. தாள்களைப் படிக்காத வழக்கம் அவரை விட்டபாடில்லை.

நிகழ்ச்சி அன்று சிகரம் தானே ஓட்டினார். டிங்கர் பக்கத்து இருக்கையில் கோட்டோடு மடங்கி உட்கார்ந்திருந்தார். நாலு ஸ்பீக்கரிலும் சிகரம் சிகரத்துக்கு அறிவுரை சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் குரலைத் தணித்துவிட்டு, நேரில் இருந்தவர் பேசினார். அடுத்த மூன்று மாதத்தில் பதினோரு ஊருக்குப் போகிறோம் என்றார். டிங்கரின் முதலாளியிடம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. "ரொம்பத் தங்கமான மனுஷன். உங்களை எனக்கு விட்டுக்கொடுத்துட்டார். பட்டறையைப் பத்திக் கவலைப்படாதீங்க, பெயின்டரை ஃபோர்மேனாப் போட்டாச்சாம்."

டிங்கர் வெளியே பார்த்தார். கடைகள், ஒரு பெட்ரோல் பங்க், மதிலில் வரிசையாகச் சிகரத்தின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே எழுந்து நில் என்று எழுதியிருந்தது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றியதும், வண்டி வந்த நாளிலிருந்து முதல் முறையாக முழு உண்மை வாயில் வந்தது.

"சார், சாஃப்ட் க்ளோஸ்னு ஒண்ணும் கிடையாது. நான் தப்பா மாட்டிட்டேன். இந்த மாதிரி கதவு நான் மாட்டினதே இல்ல. வேற தண்டு போட்டா கதவு தானா நிக்கும். ஆள் வேண்டாம்."

சிகரம் மேலிருந்த கண்ணாடியில் தன் வகிடைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு அன்பாகச் சிரித்தார்.

"தானா நின்னா அதுல என்ன இருக்கு?" என்றார். ஸ்பீக்கரைத் திரும்பவும் கூட்டினார்.

மண்டப வாசலில் சிவப்பு விரிப்பு விரித்திருந்தார்கள். அதன் இரு பக்கமும் கயிற்றுக்குப் பின்னால் கூட்டம், தலைக்கு மேலே தூக்கிய போன்கள். டிங்கர் தன் பக்கத்துக் கதவைத் தலையாலும் முதுகாலும் முட்டித் தூக்கி வெளியே வந்தார். அது அவர் பின்னாலேயே படியிறங்கி மூடிக்கொண்டது. வண்டியைச் சுற்றி ஓடி, சிகரத்தின் கதவைத் தொட்டார். ஒரு சாண் வெளியே வந்தது, எழுந்தது. ஓவென்று சத்தம். அவர் வலது கையை உயர்த்திக் கதவின் ஓரத்தைப் பிடித்தார். விரிப்பை மறைக்காமல் நின்றால் இடது கைக்கு எட்டாத இடம். அக்குளில் தைத்த ஒட்டுத்துணி அழகாக விரிந்து கொடுத்தது. அவள் தையலில் ஒரு குறையும் இல்லை.

சிகரம் ஒரு காலை விரிப்பில் வைத்தார், தலையை வெளியே நீட்டினார், அப்படியே நிறுத்திக்கொண்டார். உள்ளே மேடையில் அவருடைய சாதனைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். முடியும் வரை இந்தக் கோலத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. சாதனைகள் ஒன்பதில் மூன்றாவது போய்க்கொண்டிருந்தது. டிங்கரின் தோளில் திருப்புளி இரண்டு சுற்று திரும்பியது. விரல் நுனிகள் மரத்துப்போயின.

விரிப்பில் மண்டியிட்டிருந்த புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "கோட்டு போட்டவரே, படத்துல விழறீங்க. கதவுக்குப் பின்னாடி போயிடுங்க."

அவர் கதவுக்குப் பின்னால் போய் முழங்காலை மடக்கிப் பதுங்கினார். கை மட்டும் மேலே இருந்தது. கதவின் கறுப்புக் கண்ணாடி வழியாக, இறங்கினால் அதன் விளிம்பு விழும் இடத்தில் நேராக, எண்ணெய் தடவி வகிடெடுத்த சிகரத்தின் தலை தெரிந்தது. அது ஆடாமல் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"விரல் தெரியுது" என்றார் புகைப்படக்காரர். "விரலை எடுங்க."

"எடுங்க, எடுங்க" என்றார் சிகரம், சிரிப்பைக் கலைக்காமல், பல்லிடுக்கு வழியாக.

டிங்கர் சுண்டுவிரலை எடுத்தார். கதவு ஒரு பெருமூச்சு விட்டது. மோதிர விரலை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு" என்றார் புகைப்படக்காரர்.