கூழ்க்கூண்டுக் குட்டிகள்

எலிக்குத் தீனி போடுகிற வேலைதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்கறையில் அவர் கைபடாத கூண்டு கிடையாது. பெற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்காத மனுஷன், ஒரு எலிக்குட்டி ஒரு வேளை தின்னாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். "எலியப்பா" என்று மனைவி பெயர் வைத்ததில் என்ன தப்பு?

இந்தத் தடவை, பால்குடி மறந்த குட்டிகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்குக் கட்டித்தீனி. மறு பாதிக்கு அதே தீனியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்த கூழ். மெல்லாமலே வளர்கிற குட்டிக்குக் காதுக்குக் கீழே இருக்கும் எச்சில் சுரப்பி சரியாக வளருமா என்பதுதான் ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் கேள்வி. அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

கூழ்க்கூண்டுக் குட்டிகள் வயிறு நிறைந்த பிறகும் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தன. அவருக்கு மனசு கேட்கவில்லை. கூண்டு கழுவும்போது யாரும் பார்க்காத நேரமாக ஆளுக்கொரு துண்டு கட்டித்தீனி போட்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவை கொறிக்கிற அழகைப் பார்த்தால் அன்றைக்கு நல்ல தூக்கம் வரும். அட அப்பாவி மனுஷா, கூழ் மட்டும் கொடுக்கச் சொன்னது எதற்கு என்று கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா!

குட்டிகள் வளர்ந்ததும் அந்தப் பெண் அவற்றை மருந்து கொடுத்துக் கொன்று, சுரப்பிகளை எடுத்து எடை போட்டாள். இரண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே எடை.

"என்னண்ணே இது, ஒரு வித்தியாசமும் காணோம்?" அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "கூழ் குடிச்சே வளர்ந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் எழுதணும் போல."

திருட்டுத்தனமாகப் போட்ட கட்டித்தீனி அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய்யென்று தெரியாமலே அவள் பொய் எழுதுவாள். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"எலியப்பாவோட எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம்?" என்று மனைவி சீண்டினாள்.

"எல்லாம் செத்துப்போச்சுடி," என்று பாதியில் எழுந்துகொண்டார்.

காலையில் முதல் வேலையாக ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய் நின்றார்.

"நான்தான் மேடம். பாவமா இருந்துச்சு. கூழ்க்கூண்டுலயும் தினமும் கட்டித்தீனி போட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் படிப்பு கிடக்கட்டும்ணே," என்றாள் கடைசியில். "அத்தனை குட்டியும் சும்மாவே செத்திருக்கு. இனிமே இன்னொரு கூட்டத்தை வரவழைச்சு முதல்லேருந்து செய்யணும். அந்தக் குட்டிகளையும் நீங்களே பாத்துக்கங்க. வேற ஆளா இருந்தா இதை வந்து சொல்லியிருக்கவே மாட்டாங்க."

வேலையை விட்டுத் துரத்தியிருந்தாலே தேவலை என்று இருந்தது அவருக்கு.

புதுக் குட்டிகள் வந்தன. கூழை ஊற்றினார். குடித்து முடித்த ஒரு குட்டி கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் அவர் கை தீனிச் சாக்குக்குள் போனது. எடுத்த துண்டைச் சாக்கிலேயே போட்டுவிட்டுக் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிருடா," என்றார். "போன தடவை நான் இரக்கப்படாம இருந்திருந்தா, நீ இங்க வந்திருக்கவே மாட்ட."