ஹவ்லிக் குடியிருக்காத வீடு

நினைவுக்கல் திறப்புக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர்: காலமான நடிகர் அல்ஃபோன்ஸ் ஹாஸ்லிங்கரின் அக்காள் வால்புர்கா, மேயர் ஷ்மிடிங்கர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஓட்மார், கல்தச்சர் வில்லி, ரொட்டிக்கடை டிரவுட்ல். மழை வரும் என்று வானொலி சொன்னதால் மற்றவர்கள் வரவில்லை. மழையும் வரவில்லை.

அல்ஃபோன்ஸ் பத்தொன்பது வருடம் தொலைக்காட்சியில் இன்ஸ்பெக்டர் ஹவ்லிக்காக வந்தவர். டானூப் ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊரில் பட்டம் சேர்க்காமல் ஒருவரைக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. ஆணின் பட்டம் வீட்டுப் பெண்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வால்புர்கா ஊருக்கெல்லாம் இன்ஸ்பெக்டரம்மா. "ஹாஸ்லிங்கர்" என்று அவர் திருத்தாத நாள் இல்லை. தேவாலயப் பதிவேட்டில் நானூறு வருடமாக இருக்கும் பெயர் அது. தம்பிக்கும் பிள்ளை இல்லை, அவருக்கும் இல்லை. இனி அந்தப் பெயர் நிற்க இந்தக் கல் ஒன்றுதான்.

மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹவ்லிக்கின் புகழ்பெற்ற வசனத்தை நடுத்தெருவில் நின்று சொன்னார்: "யாரும் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது." பிறகு வீட்டுச் சுவரில் கல்லை மூடியிருந்த துணியை இழுத்தார்.

‘இன்ஸ்பெக்டர் ஹவ்லிக் இந்த வீட்டில் வாழ்ந்தார்.’

"என் தம்பி பேரு எங்க?" என்றார் வால்புர்கா.

"வெறும் பேரைப் போட்டா ஊரு என்ன நெனைக்கும், இன்ஸ்பெக்டரம்மா? நடிகர்ங்கறது ஒரு பட்டமா?" என்றார் மேயர்.

"ஹவ்லிக் இந்த வீட்டுல ஒரு ராத்திரி கூடத் தங்கினதில்ல. அப்படி ஒரு ஆளே கிடையாது."

"என் சைக்கிள் காணாமப் போனப்ப அவர்கிட்டதானே சொன்னேன்," என்றாள் டிரவுட்ல்.

"கெடச்சுதா?" என்றார் வால்புர்கா.

"இல்ல. ஆனா எவ்வளவு அக்கறையாக் கேட்டாரு தெரியுமா."

ஓட்மாரின் முகம் சுருங்கியது. "அப்ப இந்த ஊரு போலீஸ் நான்தான், டிரவுட்ல். என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டயா? நீ டிவியில வந்ததே இல்லையே."

முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தும் இன்ஸ்பெக்டர் ஆகாமலே ஓய்வு பெற்றவர் ஓட்மார். மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அரசாங்கம் குடுக்காத பதவியப் போட்டுக்கறது குற்றம். ஹவ்லிக் மேல கேஸ் எழுதறேன்."

"அவருதான் இல்லையேப்பா," என்றார் மேயர்.

"ஆமா. அப்ப கல்லு வெச்சவர் மேல. உங்க பேருக்கு எத்தன ‘ட்’?"

ஓய்வு பெற்றவருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பது வால்புர்காவுக்குத் தெரியும். பொய் சொல்வது ஹாஸ்லிங்கர்களுக்கு வழக்கமில்லை. கேட்காததைச் சொல்வதும் வழக்கமில்லை. அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேயர் வியர்வையைத் துடைத்தார். "வில்லி, ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"திருப்பிப் போட்டுப் பின்பக்கம் செதுக்கலாம். ரெண்டு வரிக்கு எடம் இருக்கு."

முதல் வரியை வால்புர்கா சொன்னார். இரண்டாவதை ஓட்மார் சொன்னார். அது இல்லாமல் நோட்டை மூடமாட்டேன் என்றார். இரண்டும் உண்மை என்பதால் வால்புர்கா தலையசைத்தார்.

‘அல்ஃபோன்ஸ் ஹாஸ்லிங்கர். இன்ஸ்பெக்டர் அல்ல.’

கல் மீண்டும் சுவரில் ஏறிய மறுநாள் ரொட்டிக்கடையில் டிரவுட்ல் மரியாதையாக எழுந்து நின்றாள். "வாங்க, இன்ஸ்பெக்டரல்லாதம்மா."

"ஹாஸ்லிங்கர்," என்றார் வால்புர்கா. "கல்லுல இருக்கு, போய்ப் படி."

சாகும்போது அல்ஃபோன்ஸ், "யாரும் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது" என்று சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. பக்கத்தில் இருந்தவர் வால்புர்கா. தம்பி கேட்டது இன்னொரு ஆப்ரிகாட் பழக் கொழுக்கட்டை. கொடுக்கப்பட்டது.