நூற்று அறுபத்து மூன்று வெட்டுகள்

எங்கள் ஒலிப் பிரிவில் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அதற்கு மேல் அந்தச் சத்தங்களோடு இருந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று வானொலி நிலையத்து டாக்டர் எப்போதோ எழுதிவைத்திருந்தார். அவர் ஒரு நாள்கூட எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எழுதியவரைக் கேட்பார் யார்?

லண்டன், 1961 நவம்பர். என் மூன்று மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முடிந்தால் திங்கள்கிழமை பழைய வேலைக்கே போக வேண்டும்: கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சந்தை மாட்டு விலை வாசிக்கும் மனிதருக்கு மைக்கைத் திறந்து மூடும் வேலை. அதை ஆறு வருடம் செய்தவள் நான். திரும்பிப் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

பிரிவுத் தலைவர் ஆர்மராட் ஒரு வழி சொல்லியிருந்தார். ஆழ்கடல் பற்றிய புதுத் தொலைக்காட்சித் தொடருக்கு ஐம்பது விநாடி முகப்பிசை வேண்டும். தயாரிப்பாளர் ஃபென்விக் வெள்ளிக்கிழமை மதியம் வந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால் என்னை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆர்மராட் டாக்டருக்கு எழுதுவார். பிடிக்காவிட்டால் வழக்கம்போல ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எங்களிடம் வாத்தியம் கிடையாது. வாடகை வீட்டுக்காரி மிஸஸ் கிரிம்ஷாவின் எனாமல் பேசினைத் தட்டி, பால் பாட்டிலில் ஊதி, மின்சாரத்தில் ஒலியெழுப்பும் ஆஸிலேட்டரை விசிலடிக்க வைத்து, ஒவ்வொரு சத்தத்தையும் ஒலிநாடாவில் பிடிப்பேன். பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சுரத்துக்குக் கொண்டுவருவேன். நாடா விநாடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும். அரை விநாடிச் சுரம் வேண்டுமா, ஏழரை அங்குலம் வெட்டு. அடுத்ததை ஒட்டு. தையற்காரி துணி அளக்கிற மாதிரிதான். ஒரே நேரத்தில் சேர்ந்து ஓட இப்படி மூன்று வரிசை செய்தேன்: அடிச்சுரம், மெட்டு, நீர்க்குமிழி. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று ஒட்டு.

புதன்கிழமை காலை மெட்டு வரிசையைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டேன். ஒவ்வொரு சுரமும் முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு 'டிக்' கேட்டது. மற்ற இரண்டையும் போட்டேன். அங்கேயும் அதே கதை.

காரணம் உடனே புரிந்தது. நாடாவை வெட்டக் காந்தம் ஏறாத பித்தளைக் கத்தரிதான் எடுக்க வேண்டும். அது மழுங்கல் என்று என் தையல் பெட்டியிலிருந்த எஃகுக் கத்தரியைக் கொண்டுவந்திருந்தேன். மேஜையில் பழுதுபார்க்கத் திறந்து கிடந்த ஒலிபெருக்கியின் காந்தத்தின் மேல்தான் தினமும் அதை வைப்பேன். கத்தரியே காந்தமாகிவிட்டது. வெட்டிய ஒவ்வொரு முனையிலும் தன் கையெழுத்தைப் போட்டுவைத்திருக்கிறது.

ஆர்மராட்டைக் கூப்பிட்டேன். புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு மிஸ் பாலிட்?"

"டிக் டிக்னு கேக்கலயா சார்?"

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எத்தன நாளா இப்படிக் கேக்குது உங்களுக்கு?" என்றார், காய்ச்சல்காரியிடம் கேட்கும் குரலில். "போய் ஒரு டீ குடிங்க. இத இப்படியே விட்டுருங்க."

அவர் போன பிறகு மெக்கானிக் சிரில் டாப்ஸ்காட் உள்ளே வந்தான். லண்டன் கிழக்குப் பக்கத்து ஆள். வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம்.

"என்ன ஹெஸ்டர், பைத்தியம் புடிச்சிருச்சாமே? உங்க ஊர்ல எல்லாருக்கும் பொறக்கும்போதே இருக்கும்னு நெனச்சேன்."

"வாய மூடிட்டு காதக் கொடு."

காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்துக் கேட்டான். மூன்றாம் தடவை அவன் முகம் மாறியது. "அடப்பாவி, ஆமா. எலி பல்லக் கடிக்கிற மாதிரி." பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "ஆனா தாயி, நீ இத விட்டுட்டா யாருக்கும் தெரியாது. மறுபடி உக்காந்தா, அவரு டாக்டருக்கு எழுதப்போறதுதான் நெசம்."

"எனக்குத் தெரியுமில்ல. அந்தப் பித்தளக் கத்தரியத் தீட்டிக் கொடு."

முனையை இரு பக்கமும் அரைக்கால் அங்குலம் நறுக்கினால் டிக் போய்விடும். ஆனால் ஒரு வரிசையில் ஒட்டு அதிகம், இன்னொன்றில் குறைவு. நறுக்க நறுக்க மூன்றும் ஒன்றையொன்று விட்டு விலகும். அதனால் நறுக்கிய இடத்திலெல்லாம் கால் அங்குல வெற்று நாடாவை வைத்து ஒட்டினேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சதுரம், சத்தமே இல்லாத துண்டு. புதன் முழுக்க, வியாழன் முழுக்க அதே வேலை. சாப்பாடு பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம், அதுவும் நின்றுகொண்டே. விரல் நுனி தோலுரிந்தது. தொண்ணூறாவது ஒட்டில் அழுகை வந்தது, அழுதுகொண்டே தொண்ணூற்றொன்றை ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஃபென்விக் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆர்மராட், நீங்க அனுப்புனத நேத்துக் கேட்டேன். மன்னிக்கணும், ஆர்கெஸ்ட்ராவுக்குச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் முடிக்க மாட்டேன் என்று நினைத்து, புதன்கிழமை நான் வெட்டத் தொடங்குமுன்பே பழைய நாடாக்களைப் பிரதியெடுத்து அனுப்பியிருக்கிறார் ஆர்மராட்.

"ஏன், என்ன கொற?" என்றார் ஆர்மராட்.

"மெட்டு பிரமாதம். ஆனா பின்னாடி என்னமோ டிக் டிக்குங்குது. எம் பொண்டாட்டி எந்திரிச்சுப் போயி கடிகாரத்தப் பாத்துட்டு வந்தா."

ஆர்மராட் குழாயை வாயிலிருந்து எடுத்தார். சிரில் கூரையைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை.

"அது பழசு சார். ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்றேன்.

மூன்று இயந்திரத்தையும் ஒரே கணத்தில் கிளப்ப வேண்டும். ஒன்றில் நான், ஒன்றில் சிரில். மூன்றாவதுக்கு ஆளில்லை. "சார், நீங்க வாங்க" என்று ஆர்மராட்டைக் கூப்பிட்டேன். வந்து விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பிந்திவிட்டார். சுற்றி வைத்து மறுபடி. இந்தத் தடவை மூன்றும் சேர்ந்து ஓடின.

டிக் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே நான் வைத்த வெற்றுத் துண்டு இருந்தது. அதனால் கடலுக்கடியில் ஏதோ ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு பாடுவது போலிருந்தது. அதை நான் திட்டமிடவில்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஃபென்விக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

அவர் போனதும் ஆர்மராட் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் டாக்டருக்கான படிவம். புதன்கிழமைத் தேதி. 'பிறர் கேட்காத சத்தங்கள் இவருக்குக் கேட்கின்றனவா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதியிருந்தது. காது சிவக்கப் பேனாவை எடுத்து அதை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க சார். உண்மைதான அது?"

"பின்ன என்ன செய்ய?"

"கீழ எடம் இருக்கே. அதுக்காகத்தான் இவ இங்க வேணும்னு எழுதுங்க."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்கிற வரை நான் நகரவில்லை.