பேர் சொல்லாத படையல்

...மீசையில் வெங்காயம் ஒட்டியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, செத்துப்போனவனுக்கு எதற்குக் கூச்சம், ஐந்து வருஷமாக மண்ணுக்குள் கிடக்கிறவன் திண்டிவனம் ரயிலடிக்கு எதிரே நின்றுகொண்டு போண்டா தின்கிறான், தின்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், "இன்னா பூமாலை, அம்மா வர்லியா?" என்று கேட்கிறான், நேற்றுச் சாயங்காலம் பேசிப் பிரிந்த மாதிரி. என் புருஷன்... புருஷன் என்று எப்படிச் சொல்வது, அவனுக்காகத்தான் தாலியை அறுத்தாகிவிட்டதே, அப்படியானால் அவன் எனக்கு யார்? ரயில் கிளம்பிவிட்டது. ஜெயம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், எட்டு வயசுப் பெண், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எதிர்ப் பலகையில் ஒரு கிழவர் வெற்றிலையைக் குதப்பிக் குதப்பி வெளியே துப்புகிறார், எச்சில் காற்றில் திரும்பி உள்ளேயே தெறிக்கிறது, யாரும் முகம் சுளிக்கவில்லை, நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

சப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட வருஷம், அங்கே பிழைக்கப் போன இரண்டு பேரில் அவன் அண்ணன் அப்பாதுரை மட்டும் ஊர் வந்து சேர்ந்தான், தாடியும் சிரங்குமாக, தெருமுனையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "தம்பி வாந்திபேதில பூட்டான், காட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன், நான் பாவி." நம்பினேன். ஏன் நம்பமாட்டேன், அந்த வருஷம் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டது. உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, அவன் வேட்டியைச் சுற்றி, மேளம் அடித்து எடுத்துக்கொண்டுபோய்ப் புதைப்பது எங்கள் வழக்கம், அப்படியே செய்தார்கள், அப்பாதுரையே உட்கார்ந்து வைக்கோலை உதறி உதறிக் கட்டினான், தலைக்கு ஒரு துண்டுகூடச் சுற்றினான், எவ்வளவு பொறுமை, எவ்வளவு கைவேலை! அந்த வைக்கோல்மேல் விழுந்து புரண்டு அழுதேன் நான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது, சொறிந்துகொள்ள வெட்கமாக இருந்தது, புருஷன் செத்தவள் சொறிந்துகொள்வாளா என்று நாலு பேர் சொல்வார்களே. அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான்? திண்டிவனத்தில், ரங்கூனிலிருந்து நடந்து வந்த வழியில் சேர்த்துக்கொண்டதாக அவனே சொன்ன பெண்ணோடு, ஒருவேளை இதே மாதிரி எதையாவது தின்றுகொண்டு. அவளும் இன்று அவனுக்குப் பின்னால் நின்றாள், இடுப்பில் ஒரு பிள்ளை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அவள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவளுக்கு என்ன கதை சொல்லி வைத்திருக்கிறார்களோ.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்ததில் அவனுக்கு ஆச்சரியம்! "இன்னா அப்பிடிப் பாக்கற, நீதான பஞ்சாயத்துல தீத்துட்டு, எனக்குப் புள்ள போதும், அவரு மூஞ்சில முழிக்கமாட்டேன்னு சொன்னியாம், ஊருக்குள்ள வந்தா உன் அண்ணன் வெட்டிப் போட்டுடும்னு அம்மா அழுதுகினே சொன்னிச்சி." பஞ்சாயத்தா? எந்தப் பஞ்சாயத்து? நான் யாரிடம் சொன்னேன்? எனக்கு அவன் செத்தவன், அவனுக்கு நான் அறுத்துக்கொண்டு போனவள், நடுவில் என் மாமியார் பாஞ்சாலி, இந்தக் காதில் ஒன்றும் அந்தக் காதில் ஒன்றுமாக ஓதிக்கொண்டு இரண்டு இடத்திலும் அழுதிருக்கிறாள். சரி, அவள் சொன்னாள், இவன் நம்பினானா? நிஜமாகவே நம்பினானா, நம்புவது சௌகரியம் என்று நம்பினானா? திண்டிவனத்துக்கும் எங்கள் கோலியனூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கலாமே, அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேனே. கேட்கவில்லை. கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா, ரயில் கூவுகிறது என்று நான் ஜெயத்தை இழுத்துக்கொண்டு திரும்பும்போது, வாயை மென்றுகொண்டே, "கேப்ப மாவு இருந்தா அம்மாகிட்ட குடுத்தனுப்பு, உன் கை மாவு மாரி இங்க யாருக்கும் வராது."

என் கை மாவு... மயிலம் வந்துவிட்டது, இறங்கிக் குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன், தண்ணீர்கூடக் கசந்தது. மாசா மாசம் என் மாமியார் திண்டிவனம் வழியாகக் கிளியனூருக்குப் போவாள், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க. போகும்போது ஒரு மூட்டை, அதில் கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டைக் கடலை, வடகம். எல்லாம் என் கை. பகலெல்லாம் அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து இயந்திரக்கல்லின் முன் உட்கார்ந்து அரைப்பேன், அவள் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, "இன்னொரு தபா சலிடி, நாத்தனாருக்குத் தொண்ட கெட்டது, உமி பட்டா இருமும்" என்பாள். இருமல் யாருக்கு என்று இன்றைக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கூழில் ஒரு துளி உமி இருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவன் யார்? எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷமாக அந்தத் தொண்டைக்குள் நான் அரைத்தது இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவன் தின்றான், அவள் தின்றாள், அவர்கள் பெற்றது தின்றது, நானும் ஜெயமும் சலித்த பிறகு மிஞ்சின தவிட்டைக் காய்ச்சிக் குடித்தோம். தூ. இந்தக் கையை என்ன செய்வது, வெட்டிப் போடவா முடியும்.

நாளைக்கு மயானக் கொள்ளை. என் காலடியில் இருக்கிற பையில் பச்சரிசி, காராமணி, வெல்லம், எல்லாம் செத்தவர்களுக்குப் படைக்கத் திண்டிவனத்தில் வாங்கினது. சின்னம்மா மகள் கோவிந்தம்மாள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்த்துவிட்டு அப்படியே சாமானும் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன், மாமியார் கால் வீங்கிப் படுத்திருந்ததால்தான் கிளம்ப முடிந்தது, இல்லாவிட்டால் விட்டிருப்பாளா? சுடுகாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலை போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வந்து சாப்பிடு என்று. மாமனார் பேரை அப்பாதுரை சொல்லுவான், கிழவி தன் அப்பன் ஆத்தா பேரைச் சொல்லுவாள், குரல் ஊரைத் தூக்கும். மகன் இலைக்கு வரும்போது வாய் மூடிக்கொள்ளும். "பெத்த வாயால எப்பிடிடி கூப்புடுவேன்" என்று முந்தானையைக் கடித்துக்கொள்வாள். அப்பாதுரை அந்த நேரம் பார்த்து எங்கேயாவது எழுந்து போய்விடுவான். நான் கூப்பிடலாம் என்றால், புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதே. ஆக ஐந்து வருஷமும் அவன் இலை மட்டும் பேர் சொல்லாமலே கிடந்தது, நான் அதைப் பார்த்துப் பார்த்து, ஐயோ கூப்பிட ஆள் இல்லாமல் பசியோடு நிற்பாரே என்று வீட்டுக்கு வந்தும் அழுவேன். பெற்ற துக்கம் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிறவனைச் சுடுகாட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் ஆயுசு போய்விடும் என்கிற பயம் அது! அவன் உயிருக்கு அத்தனை பயந்தவள் என் கழுத்தில் கை வைக்கும்போது பயந்தாளா? ஏரிக்கரையில் என் வளையலை உடைத்தது யார், அவள் கைதானே. உடைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாளே, மூக்குச் சளி என் தோளில் வழிந்ததே, அது எந்த அழுகை?

பேரணியில் யாரோ மல்லாட்டை மூட்டையை ஏற்றுகிறார்கள், தோல் தூசி கண்ணில் விழுகிறது. பெரியசாமி. சொல்லிவிட்டேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், கிழவர் திரும்பிப் பார்த்தார். பெரியசாமி, பெரியசாமி... நாக்கு அழுகிப்போகும் என்றார்களே, ஒன்றும் ஆகவில்லை, மற்ற பேர்களைப் போல இதுவும் ஒரு பேர், வாயில் வைத்துக்கொள்ளத்தான் அசிங்கமாக இருக்கிறது. எதற்காகச் செய்தார்கள் என்று இப்போது நினைத்தால் அதுவும் தெளிவாகத் தெரிகிறது. இன்னொருத்தியோடு வந்திருக்கிறான் என்று தெரிந்திருந்தால் என் அண்ணன் பஞ்சாயத்தைக் கூட்டித் தீர்த்துவிட்டு, என்னையும் பிள்ளையையும் அன்றைக்கே தன் ஊர் பனமலைக்கு அழைத்துப் போயிருப்பான். அப்புறம் கிழவிக்கு யார் பொங்கிப் போடுவது, பெண்டாட்டி இல்லாத அப்பாதுரைக்கு யார் துணி துவைப்பது, திண்டிவனத்துக்கு மாவு எங்கிருந்து போவது? அறுத்தவள் என்றால் அங்கேயே கிடப்பேன். மாட்டைக் கட்டிப்போடக் கயிறு வேண்டும், என்னைக் கட்டிப்போட வைக்கோல் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? திண்டிவனம் சந்தைக்குப் போகாதவர்கள் யார் இருக்கிறார்கள்? நான் போனால் கிணற்றடியில் பேச்சு நிற்குமே, பாவம் என்று இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஜனத்தில் அறுத்துக் கட்டுவது புதிதில்லை. விழுப்புரம் ரயில் ஷெட்டில் கரி அள்ளுகிற மண்ணாங்கட்டி, என் அண்ணன் மூலமாக என்னைக் கேட்டு அனுப்பினான், நல்ல மனுஷன், குடிக்கமாட்டான், ஜெயத்துக்குப் பாவாடைத்துணி வாங்கி வந்து கொடுக்கத் தெரியாமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனவன். எனக்குப் பிடித்திருந்தது, ஆமாம், பிடித்திருந்தது, இப்போது சொன்னால் யார் என்ன செய்துவிடப்போகிறார்கள். மாமியார் என் காலைக் கட்டிக்கொண்டாள். "நீ பூட்டா என் புள்ளைக்கு யாருடி சோறு வெப்பாங்க, போன எடத்துல பசியோட நிப்பான்டி." அவள் சொன்னது பொய்யே இல்லையே, நினைக்க நினைக்க வாயில் எச்சில் ஊறி ஊறி வருகிறது, நான் போய்விட்டால் அவள் பிள்ளைக்கு யார் சோறு வைப்பார்கள் என்றுதான் அவள் கேட்டாள்! நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மண்ணாங்கட்டி அடுத்த தையில் வளவனூரில் பெண் கட்டிக்கொண்டான். அவன் ஷெட்டு வழியாக நடந்தால் இப்போதும் நான் முக்காட்டை இழுத்துக்கொள்கிறேன்.

விக்கிரவாண்டி. போகமாட்டேன். கோலியனூருக்குப் போகமாட்டேன், அந்த வாசலை மிதிக்கமாட்டேன், அவள் வீங்கின காலுக்கு ஒத்தடம் கொடுக்க அவள் மகன் வரட்டும், சட்டி பானையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், கட்டின புடவையோடு ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் இறங்கி நேராகப் பனமலைக்குப் போய்விடுவேன். ஏரிக்கரை வயலில் கூலிக்குப் போனால் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. எனக்கு ஜெயம் இருக்கிறாள். அந்த வீட்டில் அவர்கள் அழுக்குப் படாதது அவள் ஒருத்திதான், அவளையாவது முழுசாக எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், இன்றைக்கே, கிழவியின் அழுகை என் காதில் விழுவதற்கு முன்னால். விழுந்தால் நான் இளகிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். "ஜெயம், நாம மாமா வூட்டுக்குப் போறோம்" என்றேன். "ஆயா தேடுமே" என்றாள், அவ்வளவுதான், ஏன் என்று கேட்கவில்லை.

முண்டியம்பாக்கமும் போய்விட்டது. இவளுக்கு என்ன சொல்வது? அவன் ரங்கூன் போனபோது இவளுக்கு நடை பழகின வயசு, அப்பன் முகம் எப்படித் தெரியும், யாரும்மா அது என்று கேட்பாள், கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாமா, பொய் சொன்னால் எனக்கும் அந்தக் கிழவிக்கும் என்ன வித்தியாசம், உன் அப்பன்தான் என்று சொன்னால் தாங்குவாளா, திண்டிவனத்திலிருந்து இந்தப் பதிலைத்தான் கட்டுவதும் பிரிப்பதுமாக வருகிறேன்... இன்னும் கேட்கவில்லை. எதைக் கண்டாலும் அது யாரு, இது யாரு என்று உயிரை எடுக்கிறவள், எத்தனை ஸ்டேஷன் போய்விட்டது, ஏன் கேட்கவில்லை? என் அண்ணன் முறுக்கு கொடுத்தாலே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள், அவன் போண்டாவை நீட்டினபோது இவள் என்னைப் பார்த்தாளா? பார்க்கவில்லை, கை தானாக நீண்டது, நான்தான் தட்டிவிட்டேன். மாசா மாசம் கிழவி இவளையும் கூட்டிக்கொண்டுதானே கிளியனூர் போனாள், துணைக்கு என்றாளே, திரும்பி வந்தால் இவள் என்னோடு பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளே, வெயில் களைப்பு என்று நான் விசிறிவிடுவேனே... "ஜெயம்" என்று கூப்பிட்டேன். கால் ஆடுவது நின்றது. திரும்பவில்லை, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே சொன்னாள், "நான் சொல்லலம்மா... ஆயா கேட்டா, ஜெயம் ஒண்ணும் சொல்லல, நானாதான் பாத்தேன்னு சொல்லும்மா." விழுப்புரம் வந்துவிட்டது, எல்லோரும் மூட்டையைத் தூக்குகிறார்கள், நகரும்மா நகரும்மா என்கிறார்கள், இவள் இன்னும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், நான் இவளுக்கு என்ன சொல்ல வேண்டும், சரி என்றா?